சரஸ் அக்கா ஏப்ரனைக் கழற்றினால்

சாப்பாட்டுக் கடைக்காரன் வாடிக்கையாளருக்குப் பயப்படலாம், சமையல்காரருக்குப் பயப்படலாம். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். நான் சமையல்காரருக்குப் பயப்படுவது என்று முடிவு செய்தேன். கடை வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

பாடாங் செராயில் எனக்கு ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. சமைப்பது சரஸ் அக்கா. தினமும் புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டாரில் வருவார். கூட்டம் வருவது அவர் கைப்பக்குவத்துக்காக. எனக்கோ முட்டைகூட ஒழுங்காக அவிக்க வராது. சேர்ந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரே சட்டி, ஒரே ருசி. காரத்தக் கொற, எண்ணெயக் கொறன்னு யாருக்காச்சும் தனியா செய்யச் சொன்னீங்க, ஏப்ரனக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

அக்கா போனால் கடையும் போச்சு. ஆகவே நான்கு வருடமாக, தனியாக ஏதாவது கேட்கிற எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: "இருக்கிறதுதான் லா."

வெங்காயம் ஆகாதவர்

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்ததும், வெங்காயம் போடாத சாம்பார் வேண்டும் என்றார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஓடிப்போய் ஒரு காலித் தட்டை அவர் முன்னால் வைத்து, "பொறுக்கி இதுல போட்டுக்குங்க ஐயா, வேற வழி இல்ல" என்றேன்.

மனிதர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. வைரம் பார்ப்பவர் மாதிரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வெங்காயமாக எடுத்துத் தட்டில் குவித்தார். மூன்று முறை சோறு வாங்கினார். கை கழுவப் போகும்போது பார்த்தால் தட்டு சுத்தமாக இருக்கிறது. நான் பார்ப்பதைப் பார்த்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"வீணாக்க மனசு வரல தம்பி, அதையும் சாப்புட்டேன்."

கைப்பேசியில் வந்த கட்டளை

இப்போது நேரில் வந்து தொல்லை கொடுப்பவர்கள் குறைவு. கைப்பேசியில் ஆர்டர் போட்டுவிட்டுக் கீழே குறிப்பு எழுதுகிறார்கள். ஒரு நாள் மதியம் வந்த குறிப்பு இது: கோழியில் எலும்பு வேண்டாம், கறிவேப்பிலை வேண்டாம், குழம்பில் எண்ணெய் மிதக்கக் கூடாது, ரசத்தில் மிளகு தெரியக் கூடாது. புத்தி கெட்டுப்போய் அதைச் சத்தமாகப் படித்துவிட்டேன். உள்ளே அக்காவின் கை ஏப்ரன் முடிச்சுக்குப் போய்விட்டது.

"கென்சல், கென்சல்!" என்று கத்திக்கொண்டே ரத்து செய்தேன். ஆனால் சாப்பாட்டை எடுத்துப்போய்க் கொடுக்க வந்த டெலிவரிக்காரர் வாசலில் நிற்கிறாரே! மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், காலையிலிருந்து வெயிலில் ஓடிக்கொண்டிருக்கிறவர். பாவமாக இருந்தது. உட்காரவைத்து எலும்பு, கறிவேப்பிலை, எண்ணெய், மிளகு எல்லாவற்றோடும் பரிமாறினேன். ஏப்பம் விட்டுவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டினார்.

"நாளைக்கும் எவனாச்சும் இந்த மாதிரி எழுதுனா, என்னையே வரச் சொல்லுங்கண்ணே."

ஒன்றுமே கேட்காத அம்மா

இத்தனை பேரைச் சமாளித்த நான் கடைசியில் மாட்டியது வாயே திறக்காத ஒருவரிடம். பெண்டாங்கிலிருந்து ஒரு சீனப் பெண்மணி, பளிச்சென்ற வெள்ளைச் சட்டையில் தனியாக வந்தார். போட்டதையெல்லாம் சாப்பிட்டார். முடித்ததும் இலையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டுக் கிளம்பினார்.

நம்மிடத்தில் சாப்பாடு பிடித்திருந்தால் இலையைத் தன் பக்கம் மடிப்பார்கள். வெளிப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில். பரிமாறும் ஜன்னல் வழியாக அக்கா இதைப் பார்த்துவிட்டார். ஏப்ரன் ஆணிக்குப் போனது, தலைக்கவசம் தலைக்குப் போனது. "என் சமையல் எழவு வீட்டுச் சாப்பாடாண்ணே?" என்று கேட்டபோது அவர் கண்ணில் தண்ணீர். நான்கு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். காரைக் கிளப்பப் போன அந்த அம்மாவை மறித்து, எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சிக் கூட்டி வந்தேன். விஷயம் புரிந்ததும் அவர் பதறிப்போனார். தன் பக்கம் மடித்தால் குழம்பு வழிந்து வெள்ளைச் சட்டை பாழாகும் என்று பயந்தாராம், அவ்வளவுதான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு இலை போடுங்க, மறுபடி சாப்பிட்டுச் சரியா மடிக்கிறேன்" என்றார். பிறகு தயங்கி, "இந்தத் தடவை காரம் மட்டும் கொஞ்சம் குறைவா" என்று சேர்த்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தலைக்கவசம் மேசைமேல் இருந்தது. அக்கா தனிச்சட்டியில் குழம்பை ஊற்றித் தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். நான் வாய்பிளந்து நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? ஆசையா கேக்குறவங்களுக்கு இதுகூடச் செய்யாம, நம்ம என்ன கடை நடத்துறோம் லா?"

யாருக்கும் வளைந்துகொடுக்காத கடைக்காரன் என்று இந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நான்கு வருடமாக நான் எந்தப் பக்கம் வளைந்துகொண்டிருந்தேன் என்பது உங்களோடு இருக்கட்டும்.