ஆழத்தார் வருவதாக இருந்த வியாழக்கிழமை

கல்லூரியில் படிக்கும் என் மகள் போன வாரம் எனக்கு ஒரு பாடம் நடத்தினாள். ஒரு கதையை ஒரே இடத்தில் சொல்லக் கூடாதாம். கொஞ்சம் போட்காஸ்ட்டில், கொஞ்சம் இன்ஸ்டாவில், கொஞ்சம் ஒரு கேமுக்குள், மிச்சத்தைக் காமிக்ஸில் என்று பிரித்துப் போட வேண்டுமாம். தேடித் தேடிச் சேர்த்தவனுக்குத்தான் முழுக்கதை. "இதெல்லாம் உங்க காலத்துல யோசிச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டீங்கப்பா" என்றாள்.

யோசித்துப் பார்க்கவில்லைதான். ஆனால் அதில் அடிபட்டிருக்கிறேன். ஒன்பது வயதில், நெய்வேலியில், எங்கள் சித்தியின் கையால். மகளிடம் அதைச் சொன்னால் அப்பாவின் மரியாதை என்ன ஆவது என்று வாயை மூடிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதில் ஒன்றும் இல்லை, நீங்கள் என்னிடம் பாக்கெட் மணி கேட்கப்போவதில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. காடாம்புலியூரில் படித்து முடித்து, தட்டச்சில் இரண்டு மொழியும் பாஸ் செய்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்ட கையோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து தங்கியிருந்தாள். வேலை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதானே? சும்மா இருக்கத் தெரியாது அவளுக்கு. வந்த மூன்றாம் மாதமே எங்கள் பிளாக் படிப்பகத்திலிருந்த அறிவியல் புத்தகங்களையெல்லாம் தீர்த்துவிட்டாள். அதன் பிறகு அப்பாவைப் படிக்க ஆரம்பித்தாள்.

அப்பா சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். எங்கள் ஊரில் நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை, மேலே வரத் துடிக்கிற தண்ணீர். ராவும் பகலும் பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். அப்பா சாப்பிட உட்கார்ந்தால் சித்தி எதிரில் உட்காருவாள்.

"மாமா, பம்பு நின்னா என்னா ஆவும்?"

"நிக்காது."

"நின்னுச்சுன்னு வெச்சுக்குங்க."

"ஏம்மா, என்னை நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிட விடேன்."

இந்தப் பேச்சிலிருந்துதான் ஆழத்தார் பிறந்தார்கள். நிலக்கரி ஒரு காலத்தில் காடாக இருந்தது அல்லவா, அந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள் காடு புதைந்தபோது அதோடு கீழே போய்விட்டார்கள். இப்போது கரிக்கு அடியில், அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறார்கள். பம்ப் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டார்கள். இதுதான் கதை. இதை ஒரு நோட்டில் எழுதி முடித்திருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

சித்தி அதைப் பிய்த்துப் பிய்த்து டவுன்ஷிப் முழுக்க வீசினாள்.

முதல் பகுதி கையெழுத்துப் பத்திரிகையாகப் படிப்பகத்தில், ஒரே பிரதி. இரண்டாவது ஒரு கேசட். ஆழத்தாரின் குரல் அதில்தான் இருந்தது. பித்தளைக் குடத்துக்குள் தலையை விட்டு அவள் பேசியதை நானே கதவிடுக்கில் பார்த்தேன். பார்த்தும், சாயங்காலம் அந்தக் கேசட்டைப் போட்டபோது அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். அந்தக் கேசட் ஒரு வீட்டில் ஒருநாள் என்று கைமாறிப் போனது. மூன்றாவது பகுதி எங்கள் வாசலில் மார்கழிக் கோலமாக வந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஆழத்தார் நகரத்தில் ஒரு வீடு, கோடுகள் அவர்கள் மேலே ஏறிவரும் வழி. தினமும் கோலம் ஒரு வரிசை வளரும்.

அம்மா வாளியோடு நின்று பார்த்தாள். "மார்கழி மாசத்துல வாசல்ல என்னாத்தடி போட்டுக்கினு இருக்க? கோலமா, கரண்டு கம்பியா?"

"நவக்கிரகம் வரைக்கும் போட்டுட்டாங்க எல்லாரும். நான் கீழ போறேன்கா."

கோலத்தைப் பார்த்தவனுக்குப் பத்திரிகை படிக்காமல் புரியாது. பத்திரிகை படித்தவனுக்குக் கேசட் கேட்காமல் தூக்கம் வராது. அதனால் என்ன ஆயிற்று என்றால், அதுவரை முகம் பார்த்துப் பேசாத பிளாக்காரர்கள் எல்லாம் பேச ஆரம்பித்தார்கள். ஷிப்ட் பஸ்ஸில் ஒருவர் கோலத்தைச் சொல்வார், இன்னொருவர் கேசட்டைச் சொல்வார், நடுவில் உட்கார்ந்திருப்பவர் இரண்டையும் சேர்த்துத் தப்பாகச் சொல்வார். ஒரு மதுரைக்காரரும் ஒரு தஞ்சாவூர்க்காரரும் ஆழத்தாருக்கு எத்தனை கால் என்று சண்டை போட்டுக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார்கள். இத்தனைக்கும் அவளிடம் இருந்தது ஒரு குடம், ஒரு டேப் ரெக்கார்டர், கொஞ்சம் கோலமாவு. இன்றைக்கு இதே வேலைக்குப் பன்னிரண்டு பேர் கூடி வெள்ளைப் பலகையில் அம்பு போடுகிறார்கள்.

நான்காவது பகுதிதான் என்னைச் சாய்த்தது. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து எங்களுக்கு கேபிள் இழுத்துக் கொடுத்தவரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குக் கீழே ஒரு வரி ஓடவிட்டாள் சித்தி. 'வரும் வியாழன் பகல் இரண்டு மணி. அவர்கள் மேலே வருகிறார்கள்.' பாதிப் பேர் மெயின் பஜாரில் புது ஜவுளிக்கடை திறப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் விஷயம் புரிந்தது. ஏனென்றால் நான் பத்திரிகையை மனப்பாடமாக வைத்திருந்தேன். ஆழத்தார் மேலே வரும்போது முதலில் யாரை விழுங்குவார்கள் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. பம்ப் பக்கத்தில் நிற்கிற ஆளை.

அந்த வாரம் அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட். பகல் இரண்டு மணிக்கு.

திங்கட்கிழமையிலிருந்து என் பயம் மூன்று ஷிப்ட்டும் பார்க்க ஆரம்பித்தது. அரையாண்டு விடுமுறை, அதனால் பயப்பட முழுநேரமும் கிடைத்தது. அப்பாவிடம் போய் "வியாழக்கிழமை லீவு போடேன்" என்றேன். "எதுக்குடா?" என்றார். "சும்மா" என்றேன். "சும்மாவுக்கெல்லாம் லீவு கெடையாதுடா" என்றார். இது கதை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். குடத்தைப் பார்த்தவன் நான். ஆனால் டிவியிலேயே வந்துவிட்டதே! சித்தி பொய் சொல்லலாம், டிவி எப்படிப் பொய் சொல்லும்?

வியாழக்கிழமை காலை, அப்பா குளிக்கப் போன நேரம், அவருடைய கேட் பாஸை எடுத்து டேப் ரெக்கார்டரின் பேட்டரிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். பாஸ் இல்லாமல் சுரங்கத்தின் கேட்டில் ஒரு ஆளையும் விடமாட்டார்கள்.

ஒரு மணி பஸ்ஸுக்கு அப்பா கிளம்பும்போது வீடு தலைகீழானது. பீரோ, சட்டைப் பை, அரிசி டின், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடினார்கள். நானும் தேடினேன். என்னைவிட அக்கறையாக யாரும் தேடவில்லை, கட்டிலுக்குக் கீழே இரண்டு முறை போனேன். பஸ் போய்விட்டது. அப்பா முற்றத்தில் நின்று தலையைச் சொறிந்தார். எனக்குள் ஒரு பெரிய மாவீரன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "அண்ணாச்சி பாவம். நான் போகலைன்னா அவரு எப்படி ஷிப்ட்ட விட்டு வருவாரு?"

அண்ணாச்சி எதிர்வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பிளாக் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். அப்பாவும் அவரும் ஒரே பம்ப்பில் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்ப்பவர்கள். அந்த வாரம் அவருக்கு காலை ஷிப்ட். பம்ப் ஆபரேட்டர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சங்கு ஊதிவிட்டது என்று பம்ப்பை விட்டுவிட்டு வர முடியாது. மாற்றிவிடுகிற ஆள், அதாவது ரிலீவர், வந்து நின்று, சரி என்று தலையாட்டினால்தான் நிற்கிறவர் நகரலாம். ரிலீவர் வராவிட்டால் அவரே தொடர வேண்டியதுதான், எத்தனை மணி நேரமானாலும்.

எல்லா சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் பால்குடி மறக்கும்போதே தெரிகிற விஷயம் இது. எனக்கும் தெரியும். திட்டம் போட்டபோது மட்டும் தெரியவில்லை.

எதிர்வீட்டைப் பார்த்தேன். அண்ணாச்சி வீட்டு அத்தை சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். என்னோடு படிக்கிற அவர்கள் பெண் கேட்டில் ஏறி ஆடிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா வரப்போ கடலமுட்டாய் வாங்கியாருவாவ" என்று என்னிடம் கத்தினாள்.

இரண்டு மணிச் சங்கு ஊதியது.

நான் யாரையும் காப்பாற்றவில்லை. ஆழத்தாருக்கு இலையில் ஆளை மாற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் அழுதேன் என்று சொன்னால் அழுகைக்கு அவமானம். ஊளையிட்டேன். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, தடுக்கி விழுந்து, பேட்டரிப் பெட்டி திறந்து, பாஸிலிருந்த அப்பாவின் போட்டோ வெளியே வந்து என்னையே முறைத்தது.

"அப்பா, சீக்கிரம் போ! அண்ணாச்சிய முழுங்கிடுவாங்க!"

அம்மா கையை ஓங்கினாள். அப்பா அவளைத் தடுத்துவிட்டுக் குனிந்து பாஸை எடுத்தார், என்னைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார். சித்தியின் முகம் கோலமாவு மாதிரி ஆகியிருந்தது.

"மாமா, நான் இனிமே எழுதல. சத்தியமா விட்டுடறேன்."

"விடாத" என்றார் அப்பா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே. "ஆனா ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சிடும்மா. அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட்டு. இவன் என்னைக் கட்டிப்போட்டாலும் போட்டுருவான்."

தாமதத்துக்கு பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாராம். நாலு மணிக்கு அண்ணாச்சி முழுசாக வீடு வந்து சேர்ந்தார். கை கால் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. "ஏல, என்னைய விழுங்கினா அவனுவளுக்குச் செரிக்குமால?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சித்தி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள். "மாமாவதான் காப்பாத்திட்டியே. அப்புறம் ஏண்டா வந்து சொன்ன?"

"ரிலீவர் போகலைன்னா அண்ணாச்சி அங்கயே நின்னுக்கினு இருப்பாரு இல்ல? அவரா எப்படி வருவாரு?"

சித்தி எழுந்து போய், எழுதி வைத்திருந்த கடைசிப் பகுதியை நாலாகக் கிழித்தாள். என்னால் அவளுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்று நினைத்து நான் மறுபடியும் அழத் தயாரானேன். அவளோ குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் கூட்டம். மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர், கேபிள்காரர், அண்ணாச்சி குடும்பம், அடுத்த பிளாக்கிலிருந்து முகம் தெரியாத ஏழெட்டுப் பேர். கோலத்தை மிதிக்காமல் சுற்றி உட்கார்ந்தார்கள். சித்தி கேசட்டைப் போட்டாள். பம்ப் நின்றது. தரை வீங்கியது. ஆழத்தார் மேலே வந்தார்கள். நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டேன். குடத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் பேசியது.

"பயப்படாதீர்கள். நாங்கள் யாரையும் விழுங்க வரவில்லை. 'மேலே இருக்கும் மண்ணைத் தாங்கிக்கொண்டு நில்லுங்கள், மாற்றிவிட ஆள் வரும்' என்று சொல்லி எங்களை இறக்கினார்கள். காடு கரியாகும்வரை நின்றோம். ஆள் வரவில்லை. எங்கள் ரிலீவர் நீங்கள்தானா?"

கேபிள்காரர் கெக்கேபிக்கே என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடு தாயீ" என்றார்.

"அப்ப ஒருத்தரையும் முழுங்கலையா சித்தி?" என்று கேட்டேன். சித்தி குனிந்து பொத்தானை அமுக்கினாள். நாடா கிறீச்சிட்டுப் பின்னால் ஓடியது, அவ்வளவு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு அது ஓடி முடியும்வரை காத்திருந்தார்கள். நாலு நாள் பயந்து செத்தவன் நான். ஒரு ஆள்கூடச் சாகாத கதைக்கு இந்தப் பெரியவர்கள் எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.