ஒப்புக்கொள்ளாத டீச்சர்

கைப்பேசிக் கடையில் வரிசை வாசல்படிவரை வந்துவிட்டது. முன்னால் நிற்கும் அம்மாள் நகர்வதாக இல்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, புதிதாக வாங்கிய போனில் ஓடும் பொடி எழுத்துகளை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறார்.

"கீழ போய் ‘ஒப்புக்கொள்கிறேன்’னு அழுத்துங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்கிறார் கடைக்காரர்.

"படிக்காம தலையாட்ட நான் என்ன பொம்மையா? நீங்க படிச்சிருக்கீங்களா?"

கடைக்காரர் படித்ததில்லை. பின்னால் நிற்கும் ஒருவர் உச்சுக்கொட்டுகிறார். அம்மாள் திரும்பி, "உங்களுக்கும் சேத்துத்தாங்க படிக்கிறேன்" என்கிறார். பக்கத்தில் நிற்கும் கணவர் கடையின் மேற்கூரையில் எதையோ வெகு அக்கறையாகப் பார்க்கிறார். கூட வந்தவளைத் தெரியாது என்று சொல்லவும் முடியாது, தெரியும் என்று சொல்லவும் கூசும் நேரங்களில் அவருக்கு மேற்கூரைதான் துணை.

பள்ளியில் இந்த அம்மாளுக்கு ‘ஏன் டீச்சர்’ என்று பெயர். கணினிப் பாடம் எடுக்கிறார். குள்ளமான உருவம், அதை ஈடுகட்டும் குரல். சொன்னதும் பொத்தானை அழுத்தும் பிள்ளையைப் பார்த்து, "ஏன்னு கேட்டியா?" என்பார். கேட்டால் பதில் சொல்வார். பதில் தெரியாவிட்டால், "தெரியல. வா, திறந்து பாத்துடுவோம்" என்று அந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். நன்றி சொல்ல வராது, மன்னிப்புக் கேட்க அதைவிட வராது. ஆசிரியர் அறையில் இவர் நுழைந்தால் பேச்சு ஒரு நொடி நின்று, பிறகு வேறு பக்கமாகத் தொடரும்.

ஒரு காப்பீட்டு அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கணினிகளைத் தூசி தட்டித்தான் பள்ளியின் கணினி அறையை அவர் உண்டாக்கினார். அவற்றில் அவர் ஏற்றியது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்ற வகை மென்பொருள். வருடத் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதன் பிரதி கிடைக்கும். "இது யாரோடது டீச்சர்?" என்று யாராவது கேட்பார்கள். "செஞ்சவங்களோடது. எடுத்துக்கிட்டா உன்னோடதும்தான். வீட்டுக்குக் கொண்டு போ. பக்கத்து வீட்ல கேட்டா அவங்களுக்கும் குடு."

அதற்காக எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது என்று சொல்ல முடியாது. அச்சு இயந்திரம் ஒன்று ஒரு பருவம் முழுக்க அந்த மென்பொருளோடு பேச மறுத்தது. டீச்சர் தனக்குத் தெரிந்த எல்லா வித்தையும் காட்டிவிட்டுக் கடைசியில் அதன் தலையில் ஒரு போடு போட்டார். அப்போதும் அது அசையவில்லை.

கணவருக்கு அது அல்வா கிடைத்த மாதிரி. வண்ணப்பூச்சு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர் அவர். அங்கே எல்லாமே விலை கொடுத்து வாங்கிய மென்பொருள். "எனக்கு ஒரு கோளாறுன்னா போன் எடுக்க கம்பெனியில ஒரு ஆள் இருக்கான். உனக்கு யாரு இருக்கா?"

"எனக்கு ஆயிரம் பேர் இருக்காங்க."

"ஆயிரம் பேர் இருக்கற இடத்துல ஒருத்தனும் போனை எடுக்க மாட்டான்."

இதில் உண்மை இருப்பது டீச்சருக்குத் தெரியும். அதனால்தான் கோபமும் அதிகம் வரும்.

ஒருநாள் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் அழுதாள். இரட்டைச் சடை போட்டவள். எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பதால் எல்லோரும் அவளை ‘ரேடியோ’ என்பார்கள். கணினியில் பூனை வரைந்து, கோப்புக்குப் ‘பூனை’ என்றே பெயரும் வைத்திருந்தாள். நடுவில் கணினி திணறி நின்றது. திரையில் ஒரு சிறு பெட்டி வந்தது: ‘பூனை பதிலளிக்கவில்லை. கொல்லவா?’

"டீச்சர், கொல்லவான்னு கேக்குது டீச்சர்!"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. நின்றுபோன நிரலை நிறுத்துவதற்கு எவரோ அப்படித் தமிழ் வைத்திருக்கிறார் என்று விளக்கினார். பிறகு, "சரி, நீ எழுதியிருந்தா என்ன எழுதியிருப்ப?" என்றார். பாடம் போயிற்று. ‘மூடவா’, ‘விட்டுடவா’, ‘போதுமா’ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே "நிறுத்தவா" என்றாள். அந்த மென்பொருளைச் சம்பளமில்லாமல் தமிழாக்கும் குழு ஒன்று உண்டு. டீச்சர் அவர்களுக்கு எழுதினார். அவர்களில் ஒருவர் விடாக்கொண்டர். டீச்சரும் விடவில்லை. சில வாரம் இழுபறி. கடைசியில் சொல் மாறியது. அடுத்த பதிப்பு வந்தபோது எல்லா ஊர்களிலும் அந்தப் பெட்டி ‘நிறுத்தவா?’ என்றே கேட்டது. ரேடியோ தன் அம்மாவை இழுத்து வந்து காட்டினாள். "இது நான் சொன்னதும்மா." அம்மா திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த வருடம்தான் தலைமையாசிரியை நல்ல சேதி ஒன்று கொண்டுவந்தார். பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று புத்தம்புதுக் கணினிகளை இனாமாகத் தருகிறது. அவர்களுடைய மென்பொருள் மட்டுமே அறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

"நாலு இடத்துல பல்லைக் காட்டி வாங்கியிருக்கேன் டீச்சர். பெத்தவங்க கேக்கறாங்க. நாளைக்கு இவங்க வேலைக்குப் போற இடத்துல எல்லாம் இதுதானே இருக்கு?"

"வேலைக்குப் போற இடத்துல என்ன நாற்காலி கிடக்குதுன்னு பாத்தா பிள்ளைங்களுக்கு உக்காரக் கத்துக்குடுத்தோம்?"

தலைமையாசிரியை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஒழுகும் கூரை, போதாத பெஞ்சு என்று ஓயாமல் அலைகிறவர். வலிய வரும் கணினியை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் எப்படி வரும்?

செயல்விளக்கத்துக்கு நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பெற்றோர்கள் வந்தார்கள். பெரிய திரையில் எல்லாம் பளபளவென்று வந்தது, தமிழிலும் வந்தது. மேல் மூலையில், எழுதியதைச் சேமிக்கும் பொத்தானில் ‘காப்பாற்று’ என்றிருந்தது. பிள்ளைகளிடையே ஒரு கிசுகிசுப்பு. ரேடியோ எழுந்தாள்.

"யாரைக் காப்பாத்தணும்?"

கூடம் சிரித்தது. இளைஞரும் நல்ல மனதோடு சிரித்தார். "தப்பாதான் இருக்கும்மா. நானும் பாத்திருக்கேன்."

"அப்ப மாத்திடலாமா?"

"அது நம்ம கையில இல்லம்மா. தலைமை அலுவலகத்துல முடிவு பண்ணணும்."

"நாங்களே மாத்திக்கறோமே?"

"மாத்தக் கூடாது."

"ஏன்?" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். டீச்சர் எழுந்து நின்றிருந்தார்.

"கம்பெனியோட சொத்துங்க மேடம்."

"மென்பொருள் உங்களோடது, சரி. தமிழுமா?"

இளைஞர் தண்ணீர் குடித்தார். தலைமையாசிரியை அவசரமாகக் கைதட்டிக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

தன் அறைக்குள் வந்ததும், "எல்லார் முன்னாடியும் என் மூக்கை உடைச்சிட்டீங்க" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம் கூடுதல். மேசையில் ஒப்பந்தம் இருந்தது. அவர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். கணினி அறைப் பொறுப்பாளர் இடம் காலியாக இருந்தது. டீச்சர் நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"பிள்ளைங்க பிரதி எடுத்தா நான் பிடிச்சுக் குடுக்கணும்னு போட்டிருக்கு. பக்கத்துல இருக்கறவளுக்குக் குடுன்னு சொன்ன வாயால, குடுத்தா நீ திருடின்னு சொல்லணுமா?"

"அதெல்லாம் பேச்சுக்கு எழுதறது டீச்சர்."

"பேச்சுக்கு எழுதினதுல நான் நிஜமா கையெழுத்துப் போடணுமா? போட மாட்டேங்க."

"அப்ப லேப் உங்க பொறுப்புல இருக்காது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுங்க."

"எடுக்கறேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்று மாலை வீட்டில் டீச்சர் ஊற்றி வைத்த தேநீர் ஆடை படிந்து ஆறிப்போனது. கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு கையெழுத்துதானே? உலகத்துல எல்லாருந்தான் போடறாங்க."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "வேலையை விட்டுடப் போறியா?" என்றார்.

"நான் ஏன் விடணும்? நானா தப்புப் பண்ணேன்?" என்று கேட்டபோது குரல் பழையபடி ஏறியிருந்தது. கணவர் நிம்மதியாகச் சட்டையை மாற்றப் போனார்.

புதுக் கணினிகள் வந்தன. பழையவற்றை ஏற்றிப்போகக் காயலான் கடை வண்டி வந்தபோது டீச்சர் வாசலில் குறுக்கே நின்றுவிட்டார். வண்டிக்காரர் ஒலிப்பானை அடித்தார், நகரவில்லை. தலைமையாசிரியை இறங்கி வந்தார். உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையையும் இந்தக் கணினிகளையும் தனக்குக் கொடுத்துவிடும்படி டீச்சர் கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது கெஞ்சல். கேட்டவர்களுக்கு அது மிரட்டலாகத்தான் பட்டிருக்கும். "என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை படியேறினார்.

விடுமுறையில் கணவர் வந்து கணினிகளைச் சுமந்தார். "நான் உன் கட்சிக்கு மாறிட்டேன்னு நினைச்சுக்காதே. இடுப்பு உடையுது, அவ்வளவுதான்" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே சுமந்தார்.

மேலே புதுக் கணினி அறை மணி அடித்ததும் பூட்டப்பட்டுவிடும். இப்போதெல்லாம் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் படிக்கடியில்தான் கிடக்கிறார்கள். முதலில் ரேடியோ வந்தாள். அவளோடு பேச்சுத்துணைக்கு இருவர். பிறகு இடம் போதாமல் படிகளில் உட்கார்ந்தார்கள். மேலே கற்றதையும் கீழே கற்றதையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டார்கள். "மேல இருக்கறது வேகம் டீச்சர்" என்று ஒருவன் சொன்னான். "ஆமா, வேகந்தான்" என்று டீச்சர் ஒப்புக்கொண்டார். "இதை வேகமாக்க முடியுமான்னு பாரு. யாரும் உன்னைத் தடுக்கல."

சத்தம் அதிகமாயிற்று. புகாரும் வந்தது. ஒரு நண்பகலில் தலைமையாசிரியை ஒரு பித்தளைப் பூட்டை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தார்.

"யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் அங்க நுழையறாங்க. இதைப் போட்டுப் பூட்டி, சாவியை இங்க குடுத்துடுங்க. கேக்கறவங்களுக்கு நான் பாத்துத் தருவேன்."

ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. பூட்டை எடுத்துக்கொண்டு போனார். இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று எதிர்பாராத தலைமையாசிரியை கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உணவு இடைவேளை முடியுமுன் டீச்சர் திரும்பி வந்தார். கையெல்லாம் துரு. மேசையில் ஒரு தாளை விரித்து அதன்மேல் பூட்டை வைத்தார். பக்கத்தில், படிக்கடிக் கதவிலிருந்து கழற்றிய தாழ்ப்பாளை வைத்தார். பிறகு உள்ளங்கையைத் திறந்து, திருகாணிகளை உருண்டுவிடாதபடி ஒவ்வொன்றாக அதனருகே நிறுத்தி வைத்துவிட்டு, கணக்கு வகுப்புக்குப் போனார்.