மாரியின் காப்புக் கயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்தே தலை நரைத்துவிட்டது. எழுதினால் அம்மன் பெருமையைக் குறைத்தவன் ஆவேனோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் பொய்க்குத் துணை போனவன் ஆவேனோ என்று இன்னொரு பயம். போன வெள்ளிக்கிழமை திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். எதிர் பெஞ்சுக்காரர் ஓயாமல் காலை ஆட்டிக்கொண்டே வந்தார். என்னால் உட்கார முடியவில்லை. கொருக்குப்பேட்டை வருவதற்குள் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். வீடு திரும்பியதும் பேரனின் பென்சிலை எடுத்துவிட்டேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், எனக்குக் கல்யாணமான புதிதில், ராயபுரத்தில் ஒரு தர்ம விடுதியில் வேலை. கவனிக்க ஆளில்லாத நோயாளிகள் அங்கே இருந்தார்கள். அவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது என் பாடு. நாலாம் வகுப்புப் படிப்புக்கு அதுவே பெரிது. ஜன்னலைத் திறந்தால் ஹார்பர் கரிப்புகை, சாத்தினால் மூத்திர வாடை. அரைகுறையாகத் திறந்து வைப்பதே ஒரு வித்தை. இன்றைக்கும் வீட்டு ஜன்னலை நான் அப்படித்தான் வைப்பேன். "இங்கியும் வார்டா?" என்பாள் என் மனைவி.

அங்கேதான் மாரி என்கிற மீனவரைக் கொண்டுவந்து போட்டார்கள். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கால் மட்டும் சும்மா இருக்காது, கட்டில் கம்பியை உதைத்துக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கட்டிலில் காதர் பாய், ஹார்பரில் மூட்டை தூக்கி இடுப்பொடிந்தவர்.

"யோவ் பெருசு, எந்தூருக்குய்யா கட்டுமரம் வலிச்சிக்கினு கீற? கரையே வரலியா?" என்பார். வார்டே சிரிக்கும். மாரி சிரிக்கமாட்டார்.

சீக்கிரமே எங்கள் சிரிப்பும் நின்றது. மாரி கஞ்சியைத் தொடவில்லை. ஊட்டப் போனால் பல்லைக் கடித்துக்கொள்வார், தண்ணீர் மட்டும்தான் இறங்கும். டாக்டர் நல்ல மனுஷர். "நாளைக்கும் சாப்பிடலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்" என்றார். அந்த உடம்பு மாட்டு வண்டியில் அவ்வளவு தூரம் தாங்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் எங்கள் திருவொற்றியூர் வடிவுடையம்மன் குங்குமம் இட்டேன். தெரிந்த பதிகத்தைத் தெரிந்த மட்டும் பாடினேன். பாட்டைக் கேட்டு உதை அதிகமானதுதான் மிச்சம். அவருடைய வலது மணிக்கட்டில் ஓர் அழுக்குக் கயிறு கிடந்தது. அதை வெட்டிவிட்டு எங்கள் கோயில் கயிறு கட்டலாம் என்று, ரொம்ப பக்தியாகக் கத்தரிக்கோலை எடுத்தேன். இடது கையால் ஓங்கி அறைந்தார்.

அந்த நேரம் அவரைப் பார்க்க அண்ணன் மகள் தேசம்மா உள்ளே வந்தாள். மீன் விற்கிறவள்.

"அய்யய்யோ, இன்னா நைனா பண்ற! காப்புய்யா அது!" என்று கத்தரிக்கோலைப் பிடுங்கினாள்.

அவள் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆடி மாசம் அவர்களுடைய மீனவர் குப்பத்து அம்மனுக்குக் காப்புக் கட்டியவர்கள், அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காப்புக் கட்டிய மறுநாளே மாரி விழுந்துவிட்டார். ஜனங்கள் பதறித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். திருவிழா முடிந்து எல்லோரும் காப்பை அவிழ்த்தாயிற்று. இவருடைய கை ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

"எல்லையத் தாண்டிட்டமேன்னு தவிக்கிது. இந்தக் கையோட எப்டி சோறு எறங்கும்?" என்றாள்.

"நீயே அவுத்து விடேம்மா."

"நானா? கட்டுன கைதான் அவுக்கணும்."

அன்று மத்தியானமே இருவரும் குப்பத்துக்கு ஓடினோம். காப்புக் கட்டிவிட்ட பூசாரி வலை பின்னிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "எல்ல தாண்டுனவன் கைய நான் தொட்டா ஊரு இன்னா சொல்லும்?"

தேசம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஊருதான தூக்கினு போச்சு? எங்க சித்தப்பா நடந்தா போனாரு?"

பூசாரி வலையைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலையில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக வந்தார். மேளம் கூடாது, சாமியாட்டம் கூடாது என்று விடுதி சூப்பிரண்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காதர் பாய், "எனிக்கும் பாக்கணும், முட்டுக் குடு நைனா" என்று தலையணை கேட்டு எழுந்து உட்கார்ந்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது, பூசாரிக்கு லேசில் வரவில்லை.

"மறந்துட்டோம் அண்ணாத்த, மன்னிச்சிக்க."

கயிறு அவிழ்ந்தது. கால் நின்றது. அத்தனை நாள் சத்தத்துக்குப் பிறகு அந்த அமைதியில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காதர் பாய்தான் அதட்டினார்: "இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற, கஞ்சிய எடு!"

மாரி வாயைத் திறந்தார். பொங்கல் வரைக்கும் எங்களோடு இருந்தார். ஒரு விடியற்காலையில் அலுங்காமல் போய்ச் சேர்ந்தார்.

அந்த விடுதி இடிந்து இப்போது கிடங்கு நிற்கிறது. குப்பத்தில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. ஊர் எல்லை எது என்று காட்டக்கூட ஆளில்லை. கதை மட்டும் வளர்கிறது. காப்பை அவிழ்த்ததும் மாரி எழுந்து கடல் வரை நடந்தார் என்று குப்பத்து அம்மன் கோயில் வாசலிலேயே சொல்கிறார்கள், கண்ணால் பார்த்தவர்கள் மாதிரி. என்னால் அங்கே நிற்க முடிவதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மாரி நடக்கவில்லை. பேசவில்லை. ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார். அம்மன் செய்தது அவ்வளவுதான். ஊட்டிவிட்டவன் நான். எனக்கு அது போதும்.