இடது சுண்டுவிரலுக்கு ஏற்ற டைப்ரைட்டர்

எழுபதுகளில் போடிமெட்டுக்குக் கேரளப் பக்கம் இருந்த ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் பிறந்து, அங்கே பக்கத்துச் சித்தூரில் டைப் படித்து, வேலைக்காக மலையேறியவள். ஆபீசுக்குப் பின்னால் ஒற்றை அறை குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள்.

ஒரு மழைக்கால மத்தியானம் எஸ்டேட் ஜீப்பிலிருந்து இறங்கும்போது காற்று கதவை அடித்துச் சாத்தியது. என் இடது கை நடுவில் மாட்டிக்கொண்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், எலும்பும் கூடிவிட்டது. ஆனால் கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரல் பாதிக்குமேல் மடங்கவில்லை. அதில் பலமும் இல்லை.

டைப் அடிக்காதவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆங்கிலத்தில் வரிக்கு வரி வரும் ‘ஏ’ அந்த விரலின் பொறுப்பு. வலது கை பெரிய எழுத்து அடிக்கும்போது ஷிப்டை அழுத்திப் பிடிப்பதும் அதே விரல்தான். ஆபீசில் இருந்ததோ பழைய இரும்பு மெஷின். ஷிப்டை அழுத்தினால், தாள் சுற்றிய உருளையோடு மேல்பாகம் முழுவதையும் விரல்தான் தூக்கவேண்டும். திரும்பி வந்து நான் அடித்த முதல் கடிதத்தில் ‘ஏ’ எல்லாம் வெளிறியிருந்தன. பெரிய எழுத்துகள் வரியை விட்டு மேலே எழும்பி நின்றன.

ஹெட்கிளார்க் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“என்ன கொழந்தே, ‘ஏ’ எல்லாம் பட்டினி கெடக்கறதே? விரல் வலிக்கறதோ?”

“வலியில்லைங்க சார். அழுத்தத்தான் முடியலைங்க.”

“அப்போ விரலை மட்டும் குத்தம் சொல்லப்படாது. இந்த மெஷின் யானையாக்கும். வேற ஒண்ணு பார்ப்போம். அதுவரைக்கும் நீளமானதெல்லாம் நான் அடிக்கறேன், சின்னதை நீ பாரு.”

சொன்னபடியே செய்தார். இரண்டு ஆள்காட்டி விரலை மட்டும் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாக அடித்தார். மேனேஜர் காதுக்கு விஷயம் போகவே இல்லை.

குடோனில் கிடந்த ஒரு மெஷினையும் அவரே துடைத்து எடுத்துவந்தார். அதில் கீ மெத்தென்று இறங்கியது, ஷிப்ட் மட்டும் பழையபடி பாரம். ‘எல்லா டைப்ரைட்டரும் ஒன்றுதான்’ என்று அதுவரை நம்பியிருந்த எனக்கு அன்றுதான் கண் திறந்தது.

பிறகு எஸ்டேட் ஜீப் ஓட்டும் டிரைவர் அண்ணன் தேட ஆரம்பித்தார். கதவைச் சாத்தியது காற்றுதான் என்று எவ்வளவு சொல்லியும் அவருக்கு மனசு ஆறவில்லை. போகிற இடமெல்லாம் விசாரித்தார். ஏலப்பாறையில் ஓர் எஸ்டேட் கழித்துப்போட்ட மெஷினைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு மரவியாபாரி, இடத்தை அடைக்கிறது என்று இன்னொன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை என் அறைத் தரையில் வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரே சொல்லை அடித்துப் பார்ப்பேன். பாலக்காட்டை அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் ‘பால்காட்’ என்றுதான் எழுதுவோம். அதன் முதல் எழுத்துக்கு இடது ஷிப்ட் வேண்டும், உள்ளே இரண்டு ‘ஏ’ வரும். என் விரலுக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை இல்லை. மரவியாபாரி கொடுத்ததில் கீ ஆழமாக இறங்கி, எழுந்து வர யோசிக்கும். ஏலப்பாறை மெஷின் குண்டு குண்டாக அழகாக எழுதும், ஆனால் வேகமாக அடித்தால் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றின் குணமும் பிடிபடப் பிடிபட, விரலைப் பற்றிய கவலை குறைந்து மெஷின்கள்மேல் ஆசை கூடிக்கொண்டே போயிற்று.

ஒருநாள் அண்ணன் போடியிலிருந்து வந்து சொன்னார்: “தங்கச்சி, போடில ஒரு வீட்ல மெஷின் ஒண்ணு இருக்காம். வக்கீல் குமாஸ்தாவா இருந்தவரோடது. அவரு செத்துப்போயிட்டாரு. அந்தம்மா குடுப்பாங்களான்னு தெரியல. போய்த்தான் கேப்பமே!”

அடுத்த ஞாயிறு போனோம். பூப்போட்ட துணி மூடி, கூடத்து மேஜைமேல் மெஷின் இருந்தது. கணவர் நினைவாக வைத்திருக்கும் பொருளைக் கேட்பதா என்று எனக்குக் கூச்சம். விரலைக் காட்டி, தொட்டுப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டேன். அந்தம்மா தலையசைத்தார்.

ஷிப்டை அழுத்தினேன். உருளை அசையவில்லை. எழுத்துக் கம்பிகளின் கூடைதான் லேசாகக் கீழே இறங்கியது. பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தள்ளினால் கீயின் விறைப்பு குறைந்தது. பால்காட் என்று அடித்தேன். இரண்டு ‘ஏ’யும் கறுப்பாக, மற்ற எழுத்துகளுக்குச் சமமாக நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மெஷின் கிடைக்காதே என்று அழுகிறேன் என அந்தம்மா தப்பாகப் புரிந்துகொண்டார். “ஏத்தா அழுகுற? எடுத்துட்டுப் போ. நல்ல மனுசன்தான், ஆனா இதை வச்சுக்கிட்டு ஒரு ராத்திரி என்னைய தூங்க விட்டதில்ல. தட்டு தட்டுன்னு தட்டிக்கிட்டே கெடப்பாரு. தூக்கிப் போடவும் மனசு வரல. ஒனக்குன்னா எனக்குச் சந்தோசம்.”

அண்ணன் சிரித்துவிட்டார். அந்தம்மாவும் சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பதிலுக்கு மலைத்தேயிலை மட்டும் அடுத்த முறை கொண்டுவரச் சொன்னார் அந்தம்மா. அண்ணன் போடிக்கு இறங்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை ஹெட்கிளார்க் பழைய மெஷினை நகர்த்தி, புதிதாக வந்ததைத் தானே மேஜையில் ஏற்றி வைத்தார். நான் அடித்த முதல் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். “ஏ-க்கெல்லாம் வயிறு நெறஞ்சுடுத்து” என்றார். அந்த ஆபீசில்தான் நான் கடைசிவரை வேலை பார்த்தேன். விரல் இன்றும் பாதிக்குமேல் மடங்காது.

தேவை தீர்ந்த பிறகும் மெஷின்கள் வருவது நிற்கவில்லை. பழையது எங்கே இருந்தாலும் யாராவது எனக்குச் சொல்லியனுப்பினார்கள். ஒரு கோடையில் ஊரிலிருந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏங்கண்ணு, ஊட்டுக்குள்ள கால் வைக்க எடமில்லையே. இத்தனையும் என்னத்துக்கு?”

ஒவ்வொன்றையும் அடித்துக் காட்டி, எது எப்படி, யார் கொடுத்தது என்று சொன்னேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில், வரி முடியும்போது மணி கணீரென்று அடிக்கிற ஒன்றைக் காட்டி, “இது நல்லாருக்குது” என்றாள். பிறகு எழுந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பக்கம் புடி கண்ணு, செவுத்தோரம் தள்ளிப் போட்டா இன்னும் ரெண்டு வெக்கலாம்” என்றாள்.