என் பொண்டாட்டிய மேடு ஏத்துன கை

சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுக்குங்க அண்ணே, நடுவுல சிரிச்சா நான் நிறுத்திருவேன். இந்த மாதிரி கதைய யாராச்சும் சொன்னா முதல்ல சிரிக்கிற ஆளு நான்தான். கோயில் திருவிழாவுல ஒருத்திக்கு சாமி வந்தா கூட அவ கண்ணு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்கிற ஜாதி. இருபது வருசமா தெஹியோவிட்ட டவுன்ல த்ரீவீல் ஓட்டுறேன், தெரணியகலை ரோட்டுல ராவு பகல் பார்க்காம போயிருக்கேன், ஒரு வெள்ளச் சேலையும் என்னைய மறிச்சதில்ல. இது ராத்திரி கதையும் இல்ல. சாயந்திரம் நாலே முக்கால், நல்ல வெளிச்சம், கீழ லயத்துப் பக்கம் ரேடியோ பாடிக்கிட்டு இருந்திச்சு.

சைக்கிள்ல இருந்து சொன்னாத்தான் புரியும். எனக்கு சீனி வருத்தம், வயித்தக் குறைக்கச் சொல்லிட்டாங்க, சரின்னு அவிசாவளையில ஜப்பான்ல பாவிச்ச சைக்கிள் விக்கிற கடையில ஒரு மவுண்டன் பைக் வாங்கிட்டு வந்தேன். தடிச்ச டயரு, சிவப்பு கலரு, இருபத்தொரு கியரு, பார்த்தாலே நாமளும் பெரிய வீரன்தான்னு ஒரு நெனப்பு வரும். எங்க தோட்டத்து ரோடு கீழ பாலத்துல இருந்து மேல தண்ணி டாங்கி வரைக்கும் ஏழு முடக்கு, ஒவ்வொண்ணும் அப்பிடியே செங்குத்தா திரும்பும். மூணு நாள் ஏறினேன். ரெண்டாம் முடக்கு தாண்டல, நாக்கு தள்ளிருச்சு. நாலாம் நாள் சைக்கிளக் கழுவித் தொடைச்சு, வீட்டுக் கூரைக்கு அடியில கயித்துல கட்டித் தொங்கவிட்டேன். யாராச்சும் கேட்டா செயின்ல ஒரு கோளாறுன்னு சொல்லிக்கிட்டேன்.

என் சம்சாரம் புஷ்பா பதினஞ்சு வருசம் ரப்பர் பால் வெட்டுனவ. விடியக்காலையில வாளியத் தூக்கிக்கிட்டு மேடும் பள்ளமுமா ஓடி ஓடி ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, இப்ப தோட்டத்து புள்ளக்காம்பராவுல கைப்பிள்ளைகளப் பார்த்துக்கிற வேலை. ஆஸ்பத்திரியில எக்ஸர்சைஸ் சொல்லிக்குடுக்கிற மிஸ் அவகிட்ட, ஓடாதீங்க, பள்ளத்துல வேகமா நடக்காதீங்க, ஒவ்வொரு அடியும் முட்டியில போய் இடிக்கும், சைக்கிள்னா இடிக்காது, லேசான கியர்ல மெதுவா மேடு ஏறுங்க, முட்டிக்கும் வலு, மூச்சுக்கும் வலுன்னு சொல்லி அனுப்பியிருக்கா. இவ வந்து நேரா ஸ்டூலப் போட்டு ஏறி, கூரையில இருந்த என் சைக்கிளக் கழட்டினா. சின்னதுல அண்ணன் சைக்கிள்ல பழகினவளாம், பதினேழு வருசக் குடும்பத்துல எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, நல்லா ஓட்டினா. புள்ளக்காம்பரா மூடினதும் நாலரைக்குக் கெளம்புவா. முத வாரம் ஒரு முடக்கு, அடுத்த மாசம் மூணு, அப்புறம் ஒரு நாள் தண்ணி டாங்கிக்குப் பக்கத்துல ஒரு சிவப்புப் புள்ளி நிக்குது. கால தரையில ஊணவே இல்லையாம். எனக்கு சந்தோசம் வந்திருக்கணும் இல்லையா? வரலண்ணே. வயித்தெரிச்சல்தான் வந்திச்சு. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, என் சைக்கிள்ல என் பொண்டாட்டி ஏறுறா, நான் கீழ தொப்பையத் தடவிக்கிட்டு நிக்கிறேன். த்ரீவீல் ஸ்டேண்டுல நம்ம சுனில் வேற, "அக்கா நியமாய் மச்சங், சூப்பரா ஏறுறாங்க, நீ எப்ப ஏறப் போற?"ன்னு தெனம் கேப்பான். தோட்டத்துக்குப் புதுசா வந்த கணக்கப்பிள்ளை, அது ஒரு எளவட்டம், இவ ஏறுறத போன்ல புடிச்சு எல்லாருக்கும் அனுப்பிவிட்டுச்சு. அந்த வீடியோவ நான் ராத்திரி எத்தனை தடவை பார்த்தேன்னு அவளுக்கே தெரியாது.

ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே சாதாரணமா சொல்றா, "அஞ்சாம் முடக்குல ஒரு தள்ளு கெடைக்குதுங்க. முதுகுல கை வச்சு ஏத்திவிடுற மாதிரி இருக்கு, அதுக்கு அப்புறம் வலியே தெரியல." காத்தா இருக்கும்னு நான் சொன்னேன். அவ சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல, எனக்குன்னு சிரிச்சது இல்ல அது.

அஞ்சாம் முடக்கு எப்பிடிப்பட்ட எடம்னா, ரெண்டு பக்கமும் கெழட்டு ரப்பர் மரம். பட்டையெல்லாம் வெட்டி முடிஞ்சு, பால் வத்தி, புடுங்கிட்டுப் புதுசா நடணும்னு ஆறு வருசமா சும்மா விட்டு வச்சிருக்காங்க. பால் புடிக்கிற சிரட்டை ஒண்ணு கூடக் கெடையாது, ஆளும் போறதில்ல. இத ஞாபகம் வச்சுக்குங்க.

அடுத்த கெழமை, மழை விட்ட ஒரு சாயந்திரம், அவ வந்து சைக்கிளச் சொவத்துல சாத்திட்டுத் திரும்புனா. போட்டிருந்தது ஒரு சாம்பல் கலரு டீசேர்ட். முதுகுக்கு நட்ட நடுவுல ஒரு கை. வெள்ளையா, அஞ்சு வெரலும் விரிச்சு, அழுத்தி வச்ச கை. நான் கிட்டப் போய்த் தொட்டேன். ரப்பர் பாலு. பொய் இல்லண்ணே, பால் வெட்டுற குடும்பத்துல பொறந்தவனுக்கு அந்த வாடையும் பிசுபிசுப்பும் சொல்லித் தரணுமா? ரப்பர் பால் துணியில பட்டா புதுசுல வெள்ளையா இருக்கும், காஞ்சா மஞ்சளாகும், அப்புறம் கறுத்துப் போகும், எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாது. இது பால் மாதிரி வெள்ளை, அப்பிடின்னா வச்சு அரை மணி ஆகியிருக்காது. விடியக்காலையில வெட்டுற பாலு, சாயந்திரம் எவன் கையில இருக்கும்? அதுவும் மழை பேஞ்சு ரெண்டு நாளா தோட்டத்துல வெட்டே இல்ல.

ஆனா அன்னைக்கு இந்தக் கணக்கெல்லாம் என் மண்டையில ஓடல. ஆம்பளக் கை, என் கையவிடப் பெருசு, என் பொண்டாட்டி முதுகுல. அது ஒண்ணுதான் ஓடிச்சு. கேக்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். கணக்கப்பிள்ளை பேர இழுத்தேன். அவ கத்தல, அழல, டீசேர்ட்டக் கழட்டிப் பார்த்துட்டு ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தா. அப்புறம், "அவரு ஒண்ணும் செய்ய மாட்டாரு"ன்னா. யாருடி அந்த அவருன்னு கேட்டேன். தெரியாதுன்னு சொல்லிட்டா.

அந்தக் கையில ஒரு விசயம் இருந்திச்சு, நடு வெரல் பாதிதான். நான் மறுநாளே கணக்கப்பிள்ளையத் தேடிப் போய், தம்பி எப்பிடி சொகம்னு கை குடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பூ மாதிரி கை, அஞ்சு வெரலும் முழுசு. பாவம், அது என்னைய ஒரு மாதிரி பார்த்துச்சு. அதோட விட்டேனா? பத்து நாள் நான் ஒரு மனுசன் மூஞ்சியப் பார்க்கல, ஏறுறவன் எறங்குறவன் எல்லார் கையையுந்தான் பார்த்தேன். பாதி வெரல் ஒருத்தனுக்கும் இல்ல. இதுக்கு நடுவுல அவ டீசேர்ட்டுல இன்னும் ரெண்டு தடவை அதே கை, அதே எடத்துல.

கடைசியா ஒரு ஞாயித்துக்கெழமை, சைக்கிள் வேணுமா நான் வேணுமான்னு கேட்டுட்டேன். வாய் தவறித்தான் வந்திச்சு, வந்தது வந்ததுதான். அவ பேக்க எடுத்தா. யட்டியாந்தோட்டையில அவ அக்கா வீடு, அங்க போறேன்னா. நாலு சேலைய மடிச்சு வச்சா, ஒவ்வொண்ணா நீவி நீவி வைக்கிறா. அண்ணே, எங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல. அவ போய்ட்டா அந்த வீட்டுல எனக்குன்னு பேச ஒரு குரல் கெடையாது. போகாதன்னு சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரல, அந்த அளவுக்கு வீம்பு.

அவதான் பேக்க மூடிட்டு நிமிந்தா. "நீங்க ஏறிப் பாருங்க. அஞ்சாம் முடக்கத் தாண்டிட்டா நான் இனிமே சைக்கிளத் தொட மாட்டேன். தாண்ட முடியலன்னா இந்தப் பேச்சு இன்னைக்கோட சரி, என்னைய இப்பிடிக் கேக்கவே கூடாது."

சரின்னேன். நீல டீசேர்ட் ஒண்ணு போட்டுக்கிட்டு ஏறினேன், அவ பின்னால நடந்து வந்தா. நம்புனா நம்புங்க, அன்னைக்கு என்னைய ஏத்துனது காலு இல்ல, வயித்தெரிச்சல்தான். ரெண்டாம் முடக்கு போச்சு, மூணு போச்சு, நாலு போச்சு. மிஸ் சொன்னது சரிதான், லேசான கியர்ல மெதுவா மிதிச்சா முட்டிக்கு ஒண்ணும் தெரியல. அட, இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்னு எனக்கே ஒரு பெருமை. அஞ்சாம் முடக்கு திரும்பினேன்.

முதல்ல வாடை வந்திச்சு, அப்பத்தான் வெட்டின பால் வாடை. அடுத்த மிதி மிதிக்கிறேன், சைக்கிள் நின்னு போச்சு. வழுக்கல, செயின் அறுகல, பிரேக் புடிக்கல. மாட்டக் கயித்தோட இழுத்து நிறுத்துன மாதிரி நின்னுச்சு. நெஞ்சுல ஒரு பாரம், ஹார்ட் அட்டாக்னு நெனச்சு கால ஊணிட்டேன். கீழ எறங்கி வந்து மறுபடி ஏறினேன், அதே எடம். மூணாந் தடவை எழும்பி நின்னு மிதிச்சேன், உசுரக் குடுத்து மிதிச்சேன், முன் சில்லு ஒரு சாண் நகரல. எதிர்ல வெறும் ரோடு, காஞ்ச எல, ரெண்டு பக்கமும் அந்தக் கெழட்டு மரம். வேற ஒண்ணும் இல்ல. நான் யாரையோ கெட்ட வார்த்தையில திட்டினேன், யாரன்னு எனக்கே தெரியல.

புஷ்பா வந்து சைக்கிள வாங்கிக்கிட்டா. என் மூஞ்சியப் பார்க்கல, ஏறி உக்காந்தா, மிதிச்சா. காத்து அடிச்சுச்சு, அவ டீசேர்ட் முதுகுல படபடன்னு ஆடிச்சு. நான் நின்ன அதே எடத்துக்குப் போனதும் அந்தத் துணி நடுவுல மட்டும் அப்பிடியே ஒட்டி அமுங்கிச்சு. சுத்தி எல்லாம் ஆடுது, நடுவுல ஒரு கை அகலத்துக்கு ஆடல. அவ ரெண்டு மிதி மிதிச்சுட்டு மிதிக்கிறதையே விட்டுட்டா. செங்குத்தான மேடுண்ணே. சைக்கிள் பாட்டுக்கு ஏறிப் போய் முடக்குல மறைஞ்சு போச்சு. பயந்தியான்னு கேப்பீங்க. சத்தியமா அந்த நிமிசம் பயம் வரல, பொறாமைதான் வந்திச்சு. பதினேழு வருசத்துல நான் அவ முதுகுல அப்பிடிக் கை வச்சு எதுக்காச்சும் ஏத்திவிட்டிருக்கேனா? அந்த நெனப்பு வந்து அங்கயே உக்காந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து பேக்க நானே பிரிச்சு சேலைய அலுமாரியில வச்சேன். அப்புறம் டீசேர்ட்டக் கழட்டுறேன். முதுகுல ஒண்ணும் இல்ல. முன்னால, நெஞ்சுக்கு நேரா, வெள்ளையா அந்தக் கை. நடு வெரல் பாதி.

ரெண்டு வருசமாச்சு. இன்னைக்கும் அவ நாலரைக்கு ஏறுறா, முட்டி வலி சுத்தமா இல்ல, ஆஸ்பத்திரி மிஸ் மத்தவங்களுக்கு இவளக் காட்டித்தான் பேசுறாளாம். நான் பாலத்துல த்ரீவீல நிறுத்திட்டு அவ எறங்கி வர்ற வரைக்கும் நிக்கிறேன். பாதி வெரல்காரன் எவனாச்சும் முந்தி அந்த மலையில பால் வெட்டினானான்னு பழைய ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா தெரிஞ்சு போகும். கேக்கல. பேரு ஒண்ணு தெரிஞ்சா எனக்கு இன்னும் எரியும்.

அவ டீசேர்ட்டுங்க அஞ்சாறு கொடியில காயும், எல்லாத்துலயும் அந்தக் கை கறுத்துப் போச்சு, ரப்பர் பால்னா அப்பிடித்தான் கறுக்கணும். என்னோட நீல டீசேர்ட்டக் கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டியில போட்டுப் பூட்டி வச்சிருக்கேன், அவளுக்குத் தெரியாது. போன வாரமும் எடுத்துப் பார்த்தேன். இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு அண்ணே, தொட்டா வெரல்ல ஒட்டுது.