வீட்டுக்கு வரும் பேய்கள்

வாசிகசாலையில் பேய்க்கதை அலுமாரி என் பொறுப்பு. யாரும் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. இருபது வருட வேலையில் அந்த அலுமாரியை முழுக்கப் படித்து முடித்தவள் நான் ஒருத்திதான் என்ற திமிர் எனக்கு இருந்தது. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மூன்று எழுத்தாளர்களின் புத்தகங்கள்தான் அதிகம் போய்வரும். பெயர் வேண்டாம். முதலாமவருக்குச் சூழல் கட்டத் தெரியும். மழை, பூட்டிய அறை, ஆளில்லாத இடத்தில் மல்லிகை வாசம் என்று நூறு பக்கம் மயிர்க்கூச்செறிய வைப்பார். கடைசியில் எல்லாம் சொத்துக்காக மைத்துனன் போட்ட நாடகம் என்று முடித்து நம் முகத்தில் கரி பூசுவார். இரண்டாமவருக்கு வசனம் எழுத வராது. எழுதியதெல்லாம் ஒரே கதை. செத்தவர் தன் வீட்டுக்கு வருவார், அடுப்படியில் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார், தான் எங்கே எப்படிச் செத்தேன் என்று சொல்லிவிட்டுப் போவார். ஆனாலும் அவருடைய பேய்களுக்குப் பசிக்கும், கூச்சம் வரும். அது சின்ன விஷயமில்லை. மூன்றாமவர் எழுதியதே நாலு புத்தகம். அதில் மூன்றில் பேயைக் கண்ணில் காட்டவே மாட்டார். ஒரு கதவு சாத்தியிருக்கிறது என்று அவர் எழுதினாலே எழும்பிப் போய் என் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு வருவேன். எழுத்தென்றால் அதுதான் எழுத்து என்று நான் வாதாடுவேன். அவரிடம் இரக்கம் கிடையாது என்பதை ஒரு குறையாக அப்போது நினைத்ததில்லை.

என்னோடு வாதாட இருந்தது ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள். விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, கிழமையில் ஒருநாள் பத்து மணிபோல வருவாள். இரண்டாமவரைத் தவிர வேறு யாரையும் தொடமாட்டாள்.

"எத்தின தரம்தான் கா அந்தச் சட்டி மூடியத் திறக்கிறதப் பாக்கப்போற?" என்று சீண்டுவேன்.

"எனக்கு அதுதான் கா வேணும்" என்பாள்.

ஏன் வேணும் என்பது எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் அவள் புருஷன் நெல் வாங்க வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனார். திரும்பி வரவில்லை. உடலும் இல்லை, சேதியும் இல்லை. மகன் அப்போது கைக்குழந்தை. ஒருமுறை புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சொன்னாள்: "செத்திருந்தா வீட்ட வந்திருப்பார் கா. ஒருநாளும் வரல்ல. அப்ப எங்கயோ உசிரோட இருக்கார்." ஒவ்வொரு புத்தகமும் அவளுக்கு ஒரு சாட்சி. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

ஒருநாள் மூன்றாமவரின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில ஒண்டுமே நடக்குதில்லையே, இந்தாளையா நீ தலையில தூக்கி வச்சிருக்க?" என்று சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவருடைய மிகச் சிறந்த நாவலை எடுத்து அவள் கையில் திணித்தேன். "இதப் படிச்சுப்போட்டு வந்து என்னோட கதை" என்றேன். அதில் என்ன கதை இருக்கிறது என்று அந்த நேரம் ஓடவில்லை. வெல்லவேண்டும் என்பதுதான் ஓடியது.

அந்த நாவலில் ஆற்றில் செத்த ஒருவன் வீட்டுக்கு நடந்து வருகிறான். ரோட்டெல்லாம் மாறிவிட்டது. வீட்டை இடித்து வேறு இடத்தில் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையாக நின்று பார்க்கிறான். தன் பெண்சாதி இருக்கும் வீட்டையும் தெரியாமல் கடந்து போகிறான். அவ்வளவுதான் கதை.

கிழமைக்கு ஒருமுறை வருகிறவள் மூன்றாம் நாளே வந்தாள். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"சுனாமிக்குப் பிறகு நாங்களும் வீடு மாறித்தானே கா வந்த" என்றாள்.

"இது கதை கா. ஒருத்தர் இருந்து யோசிச்சு எழுதினது."

"நான் இவ்வளவு நாளும் படிச்ச மற்றதும் கதைதானே."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. புத்தகம் எதுவும் எடுக்காமல் போனாள். அதன்பிறகு பல மாதம் வாசிகசாலைப் பக்கமே வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். வெட்கத்தில் போகவில்லை.

பிறகு ஆடி அமாவாசை வந்தது. எங்கள் பக்கத்தில் அப்பா செத்தவர்கள்தான் அன்றைக்கு விரதமிருந்து தீர்த்தமாடுவார்கள். அப்பா உயிரோடிருப்பவர் விரதம் பிடிப்பதில்லை. அதனால் ஊரெல்லாம் மரக்கறி சமைக்கும் அந்த நாளில் அவள் வீம்புக்கு மீன் சமைத்து மகனைச் சாப்பிட வைப்பாள். மகன் இப்போது லொறி ஓட்டுகிறான், அவனுக்கே இரண்டு பிள்ளைகள். அன்று விடிய அவள் என் வாசலில் வந்து நின்றாள். "மகன் விரதம். அமிர்தகழிக்குப் போறம். நீயும் வா கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கோயில் குளத்தடியில் நல்ல சனம். ஐயர் தகப்பன் பெயரைக் கேட்டதும் மகன் தாயைத் திரும்பிப் பார்த்தான். அவள்தான் பெயரைச் சொன்னாள். அவன் எள்ளும் தண்ணீரும் விட்டுத் தலை முழுகினான். அவன் கரையேறும்போது அவள் சேலையோடு குளத்தில் இறங்கினாள். விழுந்துவிடுவாளோ என்று பயந்து நானும் இறங்கிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தண்ணீர்ப் பக்கம் குனிந்து, அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"பழைய வீட்டு வளவுக்குப் போகாதீங்க, அங்க ஒருத்தரும் இல்ல. கல்முன ரோட்டால வாங்க. நெல்லு மில்லுக்கு அங்கால ரெண்டாவது ஒழுங்கை. நீலக் கேற்று. பூட்டமாட்டன்."