கார் கட்டிலும் கதவுத் தாழ்ப்பாளும்

ஏழு வயது மகனுக்கு முதல்முறையாகத் தனியறை. அதை ஸ்டைலாக அமைத்துவிட வேண்டும் என்று இன்று மரச்சாமான் கடைகள் நிறைந்த கீர்த்தி நகருக்குக் கட்டில் பார்க்கப் போனோம்.

கடையில் சிவப்புக் கார் வடிவத்தில் ஒரு கட்டில் இருந்தது. மகன் அதைச் சீண்டவில்லை. கணவர்தான் ஏறிப் படுத்து, காலை மடக்கிக்கொண்டு, "சூப்பரா இருக்குல்ல?" என்றார்.

கடைக்காரர் மகனிடம் குனிந்து, உனக்கு என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டார்.

அவன் எங்களிடம் தமிழில் சொன்னான்: "என் ரூம் கதவுல குண்டி வேணும். உள்பக்கமா."

பக்கத்தில் மெத்தையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்மணி திடுக்கிட்டுத் திரும்பினார். இந்தியில் தாழ்ப்பாளுக்கு அதுதான் பெயர் என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "எங்ககிட்டருந்து என்னடா மறைக்கப் போற?"

"ஒண்ணும் இல்லப்பா. நீங்க தட்டிட்டு வரணும், அவ்ளோதான்."

சாதாரணக் கட்டில் ஒன்றும் தாழ்ப்பாள் ஒன்றும் வாங்கினோம். ஆட்டோவில் கணவர் அந்தத் தாழ்ப்பாளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கோ பொறாமை. எங்கள் வீட்டில் நான் தாழ் போட்டுக்கொண்டு தனியாக இருக்கும் ஒரே இடம் குளியலறை.

ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் அந்த அறையை எனக்குத் தருவாயா என்று மகனிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறானாம்.

உங்கள் வீட்டில் நிலவரம் எப்படி?